அக்காவின் முறுக்குக்கு ஒரு பக்கம்: எச்டிஎம்எல் தொடங்குபவர்களுக்கு

இணையப் பக்கங்களை எழுதப் பயன்படும் எச்டிஎம்எல் படிக்க ஆசைப்படும் பலர் வீடியோ பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். நீளமான பாடம் ஒன்றைச் சேமித்து வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ரயிலில் பார்ப்பார்கள். எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். வெறும் திரை முன்னால் உட்கார்ந்தால் கை ஓடாது. இதற்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: முதல் நாளிலிருந்தே யாருக்காவது நிஜமாகத் தேவைப்படும் ஒரு பக்கத்தைச் செய்யுங்கள். பயிற்சிப் பக்கத்தில் எதைப் போட்டு நிரப்பினாலும் கேட்க ஆளில்லை. தேவைக்குச் செய்யும் பக்கத்தில் விலை தப்பினால் ஒருவர் போன் போட்டுக் கேட்பார்.

சிங்கப்பூரில் அப்படி ஓர் ஆளைத் தேடி அலைய வேண்டாம். தீபாவளி நெருங்கினால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையிலேயே முறுக்கும் அதிரசமும் அச்சுமுறுக்கும் செய்து விற்கும் அக்கா ஒருவர் உங்கள் புளோக்கிலோ பக்கத்து புளோக்கிலோ இருப்பார். அவருடைய விலைப்பட்டியல் முழுவதும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருக்கும், 24 மணி நேரத்தில் மறைந்துபோகும். பிறகு ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்பார்கள்: அரை கிலோ எவ்வளவு, வந்து எடுத்துக்கொள்ள வேண்டுமா, அனுப்பி வைப்பீர்களா, கடைசி நாள் எது? இந்த நான்கு கேள்விக்கும் பதில் சொல்லும் ஒரே பக்கத்தைச் செய்வோம். தலைப்பு, பத்தி, பட்டியல், அட்டவணை, படம், இணைப்பு என்று தொடங்குபவருக்கு வேண்டிய எல்லாமே அதற்குள் வந்துவிடும்.

என்னென்ன வேண்டும்

ஒரு மடிக்கணினி. பழையதாக இருந்தால் போதும். கைப்பேசியிலும் எழுத முடியும், ஆனால் குறியீடுகளைத் தேடித் தேடித் தட்டியே பொறுமை போய்விடும். வீட்டில் இணையம் இல்லையென்றால் வட்டார நூலகத்துக்குப் போய் வயர்லெஸ்@எஸ்ஜி இணைப்பில் உட்காரலாம். எச்டிஎம்எல் எழுதுவதற்கு இணையமே தேவையில்லை என்பது வேறு விஷயம். கோப்பு உங்கள் கணினியில் இருக்கும், குரோமோ சஃபாரியோ அதை அப்படியே திறந்து காட்டும்.

எழுதுவதற்கு விஷுவல் ஸ்டுடியோ கோட் போட்டுக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் தருவது, இலவசம். டேக்கை, அதாவது கோண அடைப்புக்குள் எழுதும் எச்டிஎம்எல் அடையாளத்தை, திறந்தால் தானே மூடிக் கொடுக்கும், வண்ணம் பிரித்துக் காட்டும். நோட்பேட் போதும் என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை, அதாவது பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளை, மறைத்து வைக்கும். நீங்கள் எச்டிஎம்எல் என்று நினைத்துச் சேமித்தது உண்மையில் டிஎக்ஸ்டி கோப்பாக இருக்கும், பிரவுசரில் டேக் எல்லாம் எழுத்தாகவே தெரியும். எக்ஸ்புளோரரின் வியூ மெனுவில் பின்னொட்டைக் காட்டும் வசதியை முதலிலேயே போட்டுவிடுங்கள். வேர்டில் மட்டும் எழுதாதீர்கள். அது நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றிவிடும். பிரவுசருக்கு இரண்டும் ஒன்றல்ல, இணைப்பு வேலை செய்யாது. வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பிய குறியீட்டை வெட்டி ஒட்டும்போதும் இதே தொல்லை வரலாம்.

தமிழில் தட்ட அஞ்சல், தமிழ்99 ஆகிய இரண்டு விசைமுறைகளும் விண்டோஸிலும் மேக்கிலும் உள்ளேயே வருகின்றன. அமைப்புகளில் தமிழைச் சேர்த்தால் போதும். பள்ளியில் தமிழ்த் தட்டச்சு பழகிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையே கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

டேக் என்பது என்ன வேலை செய்கிறது

எச்டிஎம்எல் நிரல்மொழி அல்ல. அது கணக்குப் போடாது, முடிவெடுக்காது. எழுத்தில் எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல் என்று பிரவுசருக்கு அடையாளம் சொல்லும், அவ்வளவுதான். அது பிறந்த இடத்தைப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ 1989இல் இதற்கான யோசனையை எழுதிக் கொடுத்தார். உலகின் பல மூலைகளிலிருந்து வந்து போகும் ஆய்வாளர்கள் தங்கள் ஆவணங்களை ஒருவருக்கொருவர் எளிதாகப் பார்க்க வேண்டும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும் என்பதுதான் அன்றைய தேவை. 1991இல் அது வெளியுலகுக்கு வந்தது. அதனால்தான் இன்றும் அதன் அடிப்படை டேக்குகள் எல்லாம் ஓர் ஆவணத்தின் உறுப்புகளாகவே இருக்கின்றன.

டேக்குகளின் பெயரை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதிக்கொண்டு போகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். ஒரு சிறு துண்டு இப்படி இருக்கும்:

<எச்1>தீபாவளிப் பலகாரம்</எச்1>
<பி>எல்லாம் வீட்டில் செய்தது. ஆர்டர் கொடுத்த பிறகுதான் பிழிவோம்.</பி>

கோண அடைப்புக்குள் பெயர் வந்தால் டேக் திறக்கிறது. பெயருக்கு முன்னால் ஒரு சாய்கோடு வந்தால் மூடுகிறது. நடுவில் இருப்பது உள்ளடக்கம். எச்1 முதன்மைத் தலைப்பு, பி பத்தி. வேடிக்கைக்காக மேலே உள்ளதைத் தமிழ் எழுத்திலேயே தட்டிச் சேமித்துத் திறந்து பாருங்கள். டேக்கின் பெயர் ஆங்கில எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. ஆகவே திறக்கும் டேக் அப்படியே எழுத்தாகத் திரையில் தெரியும். மூடும் டேக்கைப் பிரவுசர் ஏதோ குறிப்புரை என்று நினைத்து மறைத்துவிடும். எச்டிஎம்எல்லின் சுபாவமே இதுதான். தப்பு செய்தால் திட்டாது, தனக்குத் தெரிந்தபடி எதையாவது காட்டிவிட்டுப் போகும். புதியவருக்கு இது வசதி மாதிரித் தெரியும், உண்மையில் பிழை எங்கே என்று தேட வைப்பதும் இதுதான்.

ஒன்றுக்குள் ஒன்று வைத்தால், கடைசியில் திறந்ததை முதலில் மூட வேண்டும். பத்திக்குள் ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக்கினால், தடித்த எழுத்தை மூடிய பிறகே பத்தியை மூடலாம்.

முதல் சில வரிகள், தமிழுக்கு மிக முக்கியம்

புதிய கோப்புறை ஒன்றைத் திறந்து, அதற்குள் இண்டெக்ஸ் என்ற பெயரில், எச்டிஎம்எல் பின்னொட்டோடு ஒரு கோப்பை உருவாக்குங்கள். இண்டெக்ஸ் என்ற பெயருக்குக் காரணம் உண்டு. தளத்தின் முகவரியை மட்டும் ஒருவர் தட்டினால் சர்வர், அதாவது தளத்தை வைத்திருக்கும் கணினி, வழக்கமாக இந்தப் பெயருள்ள கோப்பைத்தான் எடுத்துக் கொடுக்கும்.

விஷுவல் ஸ்டுடியோ கோடில் அந்தக் கோப்பைத் திறந்து ஓர் ஆச்சரியக்குறி தட்டி டேப் விசையை அழுத்தினால் எலும்புக்கூடு முழுவதும் தானே வந்து விழும். அதை அப்படியே விட்டுவிடாமல் வரி வரியாகப் படியுங்கள். முதல் வரி டாக்டைப். அது இல்லையென்றால் பிரவுசர் பழங்காலத்துத் தளங்களுக்கான முறைக்குப் போய்விடும், அளவுகள் எல்லாம் கோணல்மாணலாகும். அடுத்து எச்டிஎம்எல் டேக், அதற்குள் ஹெட், பாடி என்று இரண்டு பகுதிகள். ஹெட்டில் உள்ளவை பிரவுசருக்கான தகவல், பாடியில் உள்ளவை மனிதர்களுக்கானவை.

எச்டிஎம்எல் டேக்கிலேயே லாங் என்ற பண்பு, அதாவது டேக்குக்குள் எழுதும் கூடுதல் குறிப்பு, இருக்கும். தானாக வந்த எலும்புக்கூட்டில் அது ஆங்கிலம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். அதை டி, ஏ என்ற இரண்டு எழுத்தாக மாற்றுங்கள், தமிழுக்கான குறியீடு அது. தமிழ்ப் பக்கம் செய்பவர்களே இதைக் கவனிப்பதில்லை. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் இந்த ஒரு குறிப்பைப் பார்த்துத்தான் எந்த மொழிக் குரலில் படிப்பது என்று முடிவு செய்கிறது. மாற்றாவிட்டால் ஆங்கிலக் குரல் உங்கள் அதிரசத்தைப் படிக்கத் திணறும்.

ஹெட்டுக்குள் முதல் ஆளாக நிற்க வேண்டியது மெட்டா சார்செட் வரி, அதன் மதிப்பு யுடிஎஃப்-8, எல்லா மொழி எழுத்தையும் பைட்டுகளாகச் சேமிக்கும் யூனிகோட் முறை. கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் இது இருந்தாக வேண்டும். யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கும். இந்த வரி விட்டுப்போனால் பிரவுசர் அந்த மூன்றையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாகப் படித்துத் தொலைக்கலாம், அப்போது திரை முழுக்கத் தலையில் கோடு போட்ட ஏ எழுத்தாக வந்து நிற்கும்.

இந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இந்த ஊர்க்காரர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது, தமிழ்ப் பகுதியைச் சாத்தியமாக்கியவர் எழுத்தாளரும் தமிழ் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி. இணையத்தில் தமிழ் எழுத்து தெரிவதே அன்று பெரும்பாடு. 1997இல் தமிழ்க் கணிமைக்காரர்கள் கூடிப் பேசிய தமிழ்நெட் மாநாடும் சிங்கப்பூரில்தான் நடந்தது. அந்தக் காலத்தில் ஆளுக்கொரு குறியீட்டு முறை, தளத்துக்கொரு எழுத்துரு. வாசகர் முதலில் எழுத்துருவை இறக்கிப் போட்டுக்கொண்டால்தான் படிக்கவே முடியும். எல்லா மொழிக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோட் பரவிய பிறகுதான் அந்த அவதி தீர்ந்தது. வீட்டில் பழைய தமிழ்க் கோப்புகள் வைத்திருப்பவர்கள் அவற்றை அப்படியே ஒட்டினால் குப்பையாகத் தெரிவது இதனால்தான். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

மூன்றாவதாக வியூபோர்ட் வரி. அதை அழித்துவிடாதீர்கள். அது இல்லையென்றால் கைப்பேசி உங்கள் பக்கத்தைக் கணினித் திரை அகலத்துக்கு விரித்து, பிறகு சுருக்கிக் காட்டும். எறும்பு எழுத்தாகத் தெரியும். அக்காவின் வாடிக்கையாளர்கள் யாரும் கணினியில் திறக்கப் போவதில்லை.

பக்கத்தை நிரப்புவது

பாடிக்குள் முதலில் எச்1 தலைப்பு. பக்கத்துக்கு ஒன்று போதும். அதன் கீழே விலை, வாங்கும் முறை, ஆர்டர் என்று மூன்று பிரிவுக்கும் எச்2. எழுத்து பெரிதாக வேண்டும் என்பதற்காக எச்1, சிறிதாக வேண்டும் என்பதற்காக எச்4 என்று போடாதீர்கள். அளவைப் பிறகு, தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் பார்த்துக்கொள்ளலாம். தலைப்பு எண், எது எதற்குள் அடங்குகிறது என்பதைச் சொல்வதற்கு.

விலைக்கு அட்டவணை. டேபிள் டேக்குக்குள் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு டிஆர், வரிசைக்குள் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு டிடி. மேல் வரிசையில் மட்டும் டிடிக்குப் பதில் டிஎச். பலகாரம், அரை கிலோ, ஒரு கிலோ என்று மூன்று நெடுவரிசையோடு நிறுத்துங்கள். நான்காவது வந்தால் சின்னக் கைப்பேசியில் ஓரம் வெட்டுப்படும். கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கான குறிப்பு, எண்ணெய் எது என்பதெல்லாம் அட்டவணைக்குக் கீழே பட்டியலாக வரட்டும். யுஎல் வெளி டேக், ஒவ்வொரு வரிக்கும் எல்ஐ.

படத்துக்கு ஐஎம்ஜி. இதற்கு மூடும் டேக் கிடையாது. எஸ்ஆர்சி என்ற பண்பில் படக் கோப்பின் பெயர், ஆல்ட் என்ற பண்பில் படத்தில் இருப்பதைச் சொல்லும் ஒரு வரி. கைப்பேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் பல மெகாபைட் இருக்கும், ரயிலில் திறப்பவருக்கு வெள்ளைக் கட்டம்தான் தெரியும். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்துவிட்டு ஏற்றுங்கள்.

கோப்பின் பெயரில்தான் பலரும் மாட்டுகிறார்கள். உங்கள் விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று. இணைய சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸில் ஓடுபவை, அவற்றுக்கு இரண்டும் வேறு வேறு. கேமரா கொடுத்த பெரிய எழுத்து ஜேபிஜி பின்னொட்டோடு படம் இருக்கும், நீங்கள் பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பீர்கள். வீட்டில் படம் தெரியும், இணையத்தில் ஏற்றியதும் உடைந்த சின்னம் தெரியும். எல்லாப் பெயரையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். தமிழில் பெயர் வைத்தாலும் வேலை செய்யும், ஆனால் அந்த முகவரியை வெட்டி ஒட்டினால் விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக நீண்டு பயமுறுத்தும்.

இனி ஆர்டர் இணைப்பு. பக்கத்தின் உயிரே இதுதான். ஏ என்ற ஒற்றை எழுத்து டேக், அதற்குள் எச்ரெஃப் என்ற பண்பு: எச், ஆர், இ, எஃப். அதன் மதிப்பாக எந்த முகவரியைக் கொடுத்தாலும் அங்கே தாவும். எண்ணைத் தொட்டதும் அழைப்பு போக வேண்டுமென்றால் டெல் என்று போட்டு முக்காற்புள்ளி வைத்து, கூட்டல் குறியோடு 65, பிறகு எட்டு இலக்க எண். வாட்ஸ்அப் அரட்டை திறக்க வேண்டுமென்றால் டபிள்யூஏ புள்ளி எம்இ என்ற முகவரிக்குப் பின் சாய்கோடு போட்டு 65ம் எண்ணும். இங்கே கூட்டல் குறி கூடாது, இடைவெளியும் கூடாது. இணைப்பின் மேல் தெரியும் எழுத்து "இங்கே சொடுக்கவும்" என்று இருக்க வேண்டாம். "வாட்ஸ்அப்பில் ஆர்டர் செய்ய" என்று எழுதினால் தொடுவதற்கு முன்பே என்ன நடக்கும் என்று தெரிந்துவிடும்.

ஆர்டர் படிவம் வைக்கலாமே என்று தோன்றும். பொறுங்கள். எச்டிஎம்எல் படிவத்தை வரையும், ஆனால் நிரப்பிய தகவலை வாங்கி வைக்க அதற்கு இடமில்லை, அதற்குச் சர்வர் பக்கம் வேறு ஏற்பாடு வேண்டும். பெயரும் முகவரியும் சேர்க்கத் தொடங்கினால் பொறுப்பும் சேர்ந்து வரும். முறுக்கு வாங்குபவரிடம் அடையாள அட்டை எண் கேட்கும் அளவுக்கு யாரும் போய்விடக் கூடாது. அதேபோல அக்காவின் வீட்டு எண்ணை அவரைக் கேட்காமல் பக்கத்தில் போடாதீர்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதினால் போதும்.

சரியாகத் தெரியவில்லையா

எஃப்12 விசையை அழுத்துங்கள். பக்கம் எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது என்பதை பிரவுசரே மரம் மாதிரி விரித்துக் காட்டும். நீங்கள் எழுதியது ஒன்றும் அங்கே தெரிவது வேறொன்றுமாக இருந்தால், அந்த இடத்துக்குச் சற்று மேலே ஏதோ ஒரு டேக் மூடப்படவில்லை. டபிள்யூ3சி வேலிடேட்டர் என்ற இலவசச் சோதனைப் பக்கமும் இருக்கிறது, கோப்பை ஏற்றினால் வரி எண்ணோடு பிழையைச் சொல்லும். பத்துப் பிழை காட்டினால் மேலே உள்ள முதல் பிழையை மட்டும் திருத்திவிட்டு மறுபடி சோதியுங்கள். மற்றவற்றில் பல தானாக மறைந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேட்டால் முழுப் பக்கத்தையும் நொடியில் எழுதித் தரும். வேண்டாம் என்று சொல்லமாட்டேன், நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் இந்த முதல் பக்கத்தை மட்டும் நீங்களே தட்டுங்கள். பிழை வந்தால் அதனிடம் திருத்தித் தரச் சொல்லாமல், எந்த வரியில் என்ன தப்பு என்று மட்டும் கேளுங்கள்.

அழகு

சிஎஸ்எஸ் தனிக் கடல். தமிழ்ப் பக்கத்துக்கு இப்போதைக்குத் தேவையானது கொஞ்சம்தான். தமிழ் எழுத்தில் மேலும் கீழும் கொம்பும் சுழியும் போகும், ஆங்கிலத்துக்குப் போடும் வரி இடைவெளி பற்றாது. லைன்-ஹைட் 1.7 என்று வையுங்கள். எழுத்துரு விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஆப்பிளிலும் ஏற்கெனவே இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே மாதிரித் தெரிய வேண்டுமென்றால் கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம். சாய்வெழுத்தைத் தவிர்த்துவிடுங்கள். தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் தனிச் சாய்வு வடிவம் இல்லை, பிரவுசர் எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கும், பார்க்கச் சகிக்காது. இரு ஓரமும் நேராக இருக்கும்படி வரியை இழுப்பதும் வேண்டாம். நம் சொற்கள் நீளம், கைப்பேசி அகலத்தில் வரிக்கு இரண்டு மூன்று சொல்தான் நிற்கும், நடுவில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். பட்டனில் எழுதும்போதும் இதை நினைவில் வையுங்கள். ஆங்கிலத்தில் நான்கெழுத்துக்குப் போட்ட பட்டனுக்குள் "பதிவுசெய்துகொள்ளவும்" அடங்காது.

இணையத்தில் ஏற்றுவது

தளத்தை வைத்துக்கொள்ள இடம் தரும் கிட்ஹப் பேஜஸ் இலவசம். கணக்குத் தொடங்கி, புதிய ரெப்போசிட்டரி (கோப்புகளை வைக்கும் இடம்) ஒன்றைப் பொதுவில் திறந்து, கோப்புகளை இழுத்துப் போட்டு, செட்டிங்ஸில் பேஜஸைத் தேர்ந்தெடுத்தால் சில நிமிடத்தில் முகவரி கிடைக்கும். இலவசக் கணக்கில் ரெப்போசிட்டரி பொதுவில் இருந்தாக வேண்டும் என்பதால் அதற்குள் அக்காவின் வாடிக்கையாளர் பட்டியல் மாதிரி எதையும் போட்டு வைக்காதீர்கள். கிட்ஹப் தலைசுற்றினால் நெட்லிஃபையில் கோப்புறையை அப்படியே இழுத்துப் போடலாம்.

சொந்த டொமைன், அதாவது சொந்த இணையப் பெயர், இப்போது தேவையில்லை. வேண்டுமென்று வந்தால், புள்ளி எஸ்ஜி பெயரை, அந்தப் பெயர்களை நிர்வகிக்கும் எஸ்ஜிநிக் அங்கீகரித்த விற்பனையாளர்களிடம் வாங்க வேண்டும், சிங்பாஸ் வழியாக அடையாளத்தை உறுதிசெய்யச் சொல்வார்கள். தமிழிலேயே புள்ளி சிங்கப்பூர் என்று முடியும் டொமைனும் நமக்கு உண்டு. அதைப் பயன்படுத்தும் தளங்களைக் காண்பது அரிது, ஆனால் இருக்கிறது.

ஏற்றியதும் அக்காவிடம் கொடுத்து அவருடைய கைப்பேசியில், அவர் வைத்திருக்கும் பெரிய எழுத்து அமைப்பிலேயே திறக்கச் சொல்லுங்கள். நீங்கள் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் நில்லுங்கள். எங்கே விரல் தயங்குகிறதோ அங்கே திருத்த வேலை இருக்கிறது. பிறகு விலை மாறும், கட்டாயம் மாறும். அந்த ஒரு டிடியை மாற்றி மறுபடி ஏற்றுங்கள். ஏற்றிய பிறகும் பழைய விலையே தெரிந்தால் பதறாதீர்கள், பிரவுசர் பழைய பிரதியைச் சேமித்து வைத்திருக்கிறது. கொஞ்சம் கழித்துப் புதுப்பித்தால் சரியாகிவிடும்.

அடுத்து

இரண்டாவது பக்கத்தை வேறு ஒருவருக்குச் செய்யுங்கள். டியூஷன் ஆசிரியர், ஆலயத் தொண்டர் குழு, உங்கள் வட்டாரத் தமிழ் வாசிப்பு வட்டம், யாராக இருந்தாலும் சரி. அதில் ஹெடர், நாவ், மெயின், ஃபுட்டர் டேக்குகளையும் உறுப்புகளை வரிசையாக அடுக்கும் சிஎஸ்எஸ் ஃபிளெக்ஸ்பாக்ஸையும் பழகுங்கள். பக்கத்தை இயங்க வைக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் அதற்குப் பிறகு. அந்த மொழியில் எழுதிய ரியாக்ட் என்ற கருவியை யாராவது இப்போதே இழுத்தால் காதில் வாங்காதீர்கள். படிக்க எம்டிஎன் என்ற விளக்கத் தளம் போதும், ஆங்கிலத்தில் இருக்கிறது, மொஸில்லா நடத்துகிறது. பயிற்சிக்கு ஃப்ரீகோட்கேம்ப். இரண்டும் இலவசம்.

ஆகவே திறன் வகுப்புகளுக்கு அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணத்தை எச்டிஎம்எல்லுக்காகச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. 25 வயதான சிங்கப்பூரர்களுக்குக் கிடைக்கும் அந்த 500 வெள்ளியும், 40 வயதை எட்டியவர்களுக்கு 2024 மே மாதம் சேர்ந்த 4,000 வெள்ளியும், தனியாக உட்கார்ந்து படிக்கக் கடினமான விஷயங்களுக்கு இருக்கட்டும். சேரும் முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். கோப்பின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவி இருக்கிறதா, தரவுத்தளம் இருக்கிறதா, கடைசியில் நீங்களே ஒரு தளத்தை இணையத்தில் ஏற்றிக் காட்ட வேண்டுமா, உங்கள் குறியீட்டைப் படித்துக் கருத்துச் சொல்ல ஆள் உண்டா என்று கேளுங்கள். முதல் இரண்டு நாளும் டேக் பெயர்களைச் சொல்லிக் கொடுக்கும் வகுப்பாக இருந்தால் வேறு வகுப்பைத் தேடுங்கள்.